இடது கை மவுஸ்

கலாதேவிக்கு அந்த வேலை கிடைத்துப் பத்தொன்பது வருடங்கள் ஆகிவிட்டன. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரின் பார்மன் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தப் பல் ஆய்வுகூடம். பல் வைத்தியர்கள் அனுப்பும் அளவுகளைப் பார்த்து அங்கே கிரவுன், பிரிட்ஜ் என்று செயற்கைப் பற்கள் செய்கிறார்கள். நோயாளியின் வாய் முப்பரிமாணப் படமாகத் திரையில் வந்து நிற்கும். இல்லாத பல்லை மவுஸால் இழைத்து இழைத்து அதிலேயே உருவாக்க வேண்டும். அதன் பிறகு இயந்திரம் வெட்டித் தரும்.

அங்கே முன்பல் என்றால் கலாதேவிதான். கடைவாய்ப்பல்லை யாரும் செய்துவிடலாம். வாய்க்குள் போனபின் அதை யாரும் பார்ப்பதில்லை. முன்பல் அப்படியல்ல. ஒருவர் சிரித்ததும் முதலில் தெரிவது அதுதான். டாக்டர் கெஸ்லர் என்ற வைத்தியர் தன் வேலைப் பத்திரங்களில், பல்லை யார் செய்ய வேண்டும் என்று எப்போதும் ஒரு வரி எழுதி அனுப்புவார்: 'தயவுசெய்து, ஃப்ராவ் நடேசன்.' நடேசன் என்பது அவளுடைய கணவனின் பெயர். ஜெர்மன்காரர் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் வழக்கப்படி அங்கே எல்லோருக்கும் அவள் ஃப்ராவ் நடேசன்தான். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் கலாதேவிக்கு முதுகு தானாக நிமிரும்.

மார்ச் மாதம் யதுசா வந்து சேர்ந்தாள். இருபத்தேழு வயது. பக்கத்து நகரமான போஹுமில் பிறந்து வளர்ந்து, அங்கேயே இந்தத் தொழிலைப் படித்தவள். அவளுடைய தாய் தேவமலரைக் கலாதேவிக்குத் தமிழ்ப் பள்ளி விழாக்களில் பார்த்துப் பழக்கம் உண்டு. ஆகவே முதல் நாள் அவள் வந்து, "அன்ரி, நீங்கள் இஞ்சயே வேலை செய்யிறீங்கள்? அம்மா சொல்லவேயில்லை!" என்று கையைப் பிடித்தபோது கலாதேவிக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் தமிழ் கதைக்க ஒருவர்கூட இருந்ததில்லை.

யதுசாவுக்குக் கலாதேவிக்குப் பக்கத்து மேசை. அவள் தன் பையிலிருந்து ஒரு மவுஸை எடுத்துக் கணினியில் செருகினாள். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதை வலப்பக்கமும் இதை இடப்பக்கமுமாக வைத்துக்கொண்டாள்.

"இரண்டு எலியா? அப்படியென்றால் ஒரு பூனையும் வாங்க வேண்டும்" என்று முன் மேசையிலிருந்த யென்ஸ் பகிடி விட்டான்.

யதுசா சிரித்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள்.

முதல் வாரம் கலாதேவி அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் வாரம் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மற்றவர்கள் ஒரே கையால் மவுஸை அழுத்திப் பிடித்தபடி இழைப்பார்கள். அழுத்தும் விரலின் இறுக்கம் கோட்டிலும் தெரியும். சின்னச் சின்ன நடுக்கங்கள் வரும். அவற்றைப் பிறகு மழித்துச் சரிசெய்ய வேண்டும். யதுசாவின் வலது கையோ தண்ணீரில் போகிறமாதிரிப் போயிற்று. இடது கை ஓரத்தில் மற்ற மவுஸை அழுத்தியபடி அமைதியாகக் கிடந்தது. பல்லின் விளிம்பு ஒரே இழுப்பில் வந்து விழுந்தது. கலாதேவி இருபது நிமிடம் எடுக்கும் பல்லை அவள் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தாள்.

முதலாளி ஃப்ராவ் ஹோல்ட்கம்ப் ஒருநாள் காலையில் அந்த வழியாகப் போனவர் யதுசாவின் கதிரைக்குப் பின்னால் நின்றார். சும்மா நின்றவர் போகவேயில்லை. கோப்பையிலிருந்த கோப்பி ஆறிப்போகும்வரை நின்றார். பிறகு கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார்.

"வந்து பாருங்கள். இரண்டு மவுஸ். இப்படி ஒருவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை."

எல்லோரும் எழுந்து வந்தார்கள். கலாதேவியும் வந்தாள். தான் மட்டும் எழும்பாமல் இருந்தால் பொறாமை வெளியே தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் வந்தாள். பத்தொன்பது வருடத்தில் தன்னுடைய கதிரைக்குப் பின்னால் முதலாளி எத்தனை தரம் நின்றார் என்று யோசித்துப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை என்று சொன்னபோது ஒருதரம் வந்து நின்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் கணவனிடம் சொன்னாள்.

"தேவமலர் அக்காவின்ர மகள் வந்திருக்கிறா எண்டு சொன்னனானெல்லே. சரியான நடிப்புக்காரி. ரெண்டு மவுஸ் வைச்சு எல்லாருக்கும் படம் காட்டுறா."

நடேசன் சோற்றைக் குழைத்தபடி கேட்டான். "வேலை நல்லாச் செய்யிறாளோ?"

"அது... செய்யிறா."

"பிறகென்ன? செய்யட்டுமன். நீரும் ரெண்டு வைச்சுச் செய்யுமன்."

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனவள் பாணும் பாலும் வாங்கியதோடு ஒரு மவுஸும் வாங்கிவந்தாள். வீட்டுக் கணினியில் இரண்டையும் செருகிவிட்டு, ஒரு வட்டம் கீறிப் பார்த்தாள். வலது கை ஒரு பக்கம் இழுத்தது. இடது கை அசைந்ததும் அம்புக்குறி வேறு எங்கேயோ பாய்ந்தது. இரண்டு கைக்கும் திரையில் இருப்பது ஒரே அம்புக்குறிதான். இடது கையை ஆட்டாமல் வைத்திருக்கவும் வேண்டும், அதே கையால் அழுத்தவும் வேண்டும். அழுத்தும்போது மவுஸ் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்தது. கலாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னேரம் முழுவதும் பழகினாள். அவள் கீறிய வட்டங்கள் எல்லாம் நசுங்கிய தகரப்பேணிகள் போல இருந்தன.

நடேசன் எட்டிப் பார்த்தான். "என்ன, மேளம் பழகிறீரோ?"

"போங்கோ அங்கால!" என்று அவள் கத்திய கத்தலில் அவன் திகைத்துப்போய்க் கதவைச் சாத்தினான்.

அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி முடிகிறது? இந்தக் கேள்வி கலாதேவியின் வயிற்றில் ஒரு கல்லாகக் கிடந்தது. வேலைக்கு அந்த ஊர்த் தொங்குரயிலில் போகும்போதும், வெங்காயம் வெட்டும்போதும் அது அங்கேயே இருந்தது. வேலையிடத்தில் அவள் யதுசாவிடம் குறை தேடத் தொடங்கினாள். அந்தப் பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தி வந்தாள். ரெலிபோனில் சத்தமாகக் கதைத்தாள். யன்னலைத் திறந்துவிட்டுச் சாத்த மறந்தாள். ஒவ்வொன்றும் கிடைக்கும்போது ஒரு சின்ன நிம்மதி வந்தது. அடுத்த பல்லை யதுசா முடிக்கும்போது அந்த நிம்மதி போய்விட்டது. யதுசாவோ எதையும் அறியாதவளாய், மத்தியானம் தான் கொண்டுவந்த கட்லட்டில் ஒன்றை அவளுடைய தட்டில் வைத்துவிட்டுப் போவாள். கலாதேவி அதைச் சாப்பிட்டாள். ருசியாகவும் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஜூலை மாதம் டாக்டர் கெஸ்லரின் பத்திரமொன்று வந்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டு. அடியில் அதே கையெழுத்தில் ஒரு வரி: 'தயவுசெய்து, ஃப்ராவ் அந்தோனிப்பிள்ளை.'

கலாதேவி அதை இரண்டுதரம் வாசித்தாள். அந்தோனிப்பிள்ளை என்பது யதுசாவின் தகப்பன் பெயர். அவ்வளவு நீளமான பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் அந்த மனிதர் எழுதியிருந்தார். கலாதேவியின் சொந்தப் பெயர் என்னவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பத்திரத்தை யதுசாவின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது அவளுடைய காது இரண்டும் கொதித்தன.

அடுத்த வாரம் டாக்டர் கெஸ்லரும் அவருடைய கூட்டாளி வைத்தியரும் கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. இரண்டரை மணிக்கு வருவார்கள். ஃப்ராவ் அந்தோனிப்பிள்ளை வேலை செய்யும் முறையை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

மத்தியான இடைவேளையில் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். யதுசா மூலையிலிருந்த பேக்கரிக்குப் போயிருந்தாள். கலாதேவி எழுந்து அவளுடைய மேசைக்குப் போனாள். பார்க்க மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடப்பக்க மவுஸைத் தூக்கித் திருப்பினாள்.

அடியில், சிவப்பு வெளிச்சம் வருகிற துவாரத்தின் மேல், கறுப்பு ஒட்டுநாடா ஒரு சின்னச் சதுரமாக ஒட்டப்பட்டிருந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மவுஸின் அந்த வெளிச்சக் கண்ணை மூடிவிட்டால் அது எவ்வளவு அசைந்தாலும் அம்புக்குறி அசையாது. அழுத்த மட்டும்தான் செய்யும். வலது கை ஓடுவதற்கு, இடது கை அழுத்துவதற்கு. இவ்வளவுதானா? ஒரு துண்டு ஒட்டுநாடாதானா? வீட்டில் அந்தச் சனிக்கிழமை தான் பட்ட பாட்டை நினைத்தபோது அவளுக்கு ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது.

நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினாள். அது சுலபமாக வந்துவிட்டது. உருண்டையாக உருட்டித் தன் மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடைக்குள் போட்டாள். மவுஸை இருந்தபடியே வைத்தாள். ஏன் செய்தோம் என்று பிறகு பலதரம் யோசித்திருக்கிறாள். என்ன நடக்கும் என்று தெரியாமல் செய்தேன் என்று மட்டும் அவளால் ஒருநாளும் சொல்ல முடியவில்லை. தெரிந்துதான் செய்தாள்.

இரண்டரைக்கு வந்தார்கள். யதுசாவின் கதிரையைச் சுற்றி நின்றார்கள். அவள் ஒரு முன்பல்லைத் திரையில் எடுத்து, இடது கையால் அழுத்தி, வலது கையால் இழுத்தாள். அம்புக்குறி துள்ளியது. பல்லின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. "மன்னியுங்கள்" என்று சொல்லி அதை அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் துள்ளியது. யதுசா இடப்பக்க மவுஸைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் அதை ஓரமாக வைத்துவிட்டு, வலது கையால் மட்டும் வேலை செய்யத் தொடங்கினாள்.

கலாதேவிக்கு அந்த நேரம் இனித்தது. அதை மறைத்துச் சொல்ல முடியாது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தொண்டையில் இறங்குகிறமாதிரி இனித்தது.

பிறகுதான் அவள் அந்த விரலைக் கண்டாள். யதுசாவின் வலது ஆள்காட்டி விரல் மவுஸில் படாமல் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. நடுவிரலைக் குறுக்கே கொண்டுவந்து அவள் அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் தோள் மேலே ஏறியது. ஓரிரு தடவை நடுவிரல் வழுக்கி ஆள்காட்டி விரல் பட்டபோது அவளுடைய கீழுதடு உள்ளே போயிற்று. கோடு நடுங்கி நடுங்கி வந்தது.

முதலாளி தொண்டையைச் செருமினார். "இன்றைக்கு நாள் சரியில்லைப் போல."

டாக்டர் கெஸ்லர் திரும்பினார். "ஃப்ராவ் நடேசன், நீங்கள் ஒருதரம் காட்டுங்களேன்."

கலாதேவி தன் கதிரையில் இருந்து அந்தப் பல்லைச் செய்துகாட்டினாள். நன்றாகவே செய்தாள். அவளுடைய கைகளில் பத்தொன்பது வருடம் இருந்தது. "இதுதான், இதுதான்" என்று கெஸ்லர் சொன்னார். அவள் நாலைந்து மாதமாகக் காத்திருந்த சொல் அது. ஒரு பத்து நிமிடம் அது நன்றாக இருந்தது.

விருந்தினர்கள் போனபின் கோப்பை கழுவச் சமையலறைக்குப் போனாள். யதுசா அங்கே குழாயைத் திறந்துவிட்டு, அந்த விரலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அன்ரி."

"ஒண்டுமில்லாமலோ தண்ணிக்குள்ள பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

யதுசா கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று கண்டபின் மெதுவாகச் சொன்னாள். "நரம்பில வீக்கம். முந்தி வேலை செய்த இடத்தில நாள் முழுக்க மவுஸை அமத்தி அமத்தி வந்தது. அமத்தினா முழங்கை வரைக்கும் இழுக்கும். அதுதான் அமத்திறதை இடது கையால செய்யிறனான்."

"முதலாளிக்குச் சொன்னீரோ?"

"அன்ரி, தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ. அங்க சொன்னனான். சொல்லி மூண்டு கிழமையில ப்ரோபெட்சைட்டோடயே நிப்பாட்டிப்போட்டினம். இஞ்சயும் எனக்கு ஓகஸ்ட் முடியுமட்டும் சோதனைக் காலம்தான். அந்த ஆறு மாதம் முடியும்வரைக்கும் காரணம் சொல்லாமலே அனுப்பலாம்."

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றாள் கலாதேவி.

ஒட்டுநாடாவைப் பற்றி யதுசா எதுவும் கேட்கவில்லை. கலாதேவியும் சொல்லவில்லை. கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

இந்த இடத்தில் அவளுடைய பொறாமை செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை. மறுநாளே யதுசா புது ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு பழையபடி வேலை செய்தாள். கோடு பழையபடி வந்தது. நோவோடு இருக்கிறவள் இப்படிச் செய்கிறாள், நோவில்லாமல் இருந்திருந்தால் எப்படிச் செய்வாள் என்று கலாதேவி நினைத்தாள். அது முன்பைவிட மோசமாக இருந்தது. தொங்குரயிலில் நின்றபடி இன்னொன்றையும் நினைத்தாள். ஒரு சொல் போதும். கோப்பி எடுக்கும்போது, அக்கறைபோல, 'பாவம், அந்தப் பிள்ளைக்குக் கை சரியில்லை' என்று சொன்னாலே போதும். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனால் வெட்கப்பட்டபின்னும் அந்த நினைப்பு இறங்கிப் போகவில்லை.

ஓகஸ்ட் நடுவில் ஃப்ராவ் ஹோல்ட்கம்ப் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஃப்ராவ் அந்தோனிப்பிள்ளையை வைத்திருப்பதா என்று இந்த வாரம் முடிவெடுக்க வேண்டும். அன்றைக்கு நடந்ததைப் பார்த்தபின் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவளுடைய கையில் ஏதாவது பிரச்சினையா? எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்தது."

அவள் தேடிப் போகாமலே அந்தச் சொல் வாசலுக்கு வந்து நின்றது. தலையாட்டினாலே போதும்.

"அன்றைக்கு அவளுடைய மவுஸ் குழம்பியதற்குக் காரணம் நான்" என்றாள்.

முதலாளிக்கு விளங்கவில்லை. கலாதேவி திரும்பவும், வசனங்களைத் தனித்தனியாக வைத்துச் சொன்னாள். அவள் மவுஸில் ஒட்டியிருந்த ஒட்டுநாடாவை நான் இடைவேளையில் பிய்த்தெடுத்தேன். வேண்டுமென்றே எடுத்தேன். டாக்டர் கெஸ்லர் என் பெயரை எழுதுவதை நிறுத்திவிட்டார் என்பதால் எடுத்தேன்.

"கை?"

"அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். பல்லைப் பற்றி என்னிடம் கேட்டால் சொல்லுவேன். இங்கே அவளைவிட நல்ல முன்பல் யாரும் செய்வதில்லை." இந்தக் கடைசி வசனத்தைச் சொல்வது, மற்றதைச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஃப்ராவ் ஹோல்ட்கம்ப் கோபப்படவில்லை. "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவளுடைய கோப்பில் ஏறிய முதல் கடிதம். யதுசாவுக்கு வேலை நிரந்தரமானது.

அன்று பின்னேரம் உடுப்பு மாற்றும் இடத்தில் கலாதேவி அவளை மறித்தாள்.

"யதுசா, அந்த ஒட்டுநாடாவை நான்தான் எடுத்தனான்."

"தெரியும்." யதுசா சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே சொன்னாள். "உங்கட குப்பைக்கூடைக்குள்ள கிடந்ததைக் கண்டனான்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னா, அதை ஏன் ஒட்டினனான் எண்டும் சொல்லவேணுமெல்லே." அவள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "பயத்திலதான் பேசாமல் இருந்தனான். உங்களில இருந்த மரியாதையில இல்லை. அதையும் தெரிஞ்சுகொள்ளுங்கோ."

"மன்னிச்சுக்கொள்ளும்."

"இப்ப ஏலாது அன்ரி" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

அதன்பிறகு பல வாரங்கள் அவர்கள் வேலைக்குத் தேவையானதை மட்டும், அதையும் ஜெர்மனில் கதைத்தார்கள். கட்லட் வரவில்லை. ஒக்டோபரில் யதுசா தானாகவே முதலாளியிடம் கையைப் பற்றிச் சொல்லி, வைத்தியரிடம் போய்வரத் தொடங்கினாள். கெஸ்லர் சில பத்திரங்களில் கலாதேவியின் பெயரும், பலவற்றில் யதுசாவின் பெயரும் எழுதினார். கலாதேவி எண்ணிப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். சில நாட்களில் எண்ணினாள்.

நவம்பரில் ஒரு காலை, யதுசா கை வைத்தியரிடமிருந்து மணிக்கட்டைச் சுற்றிக் கட்டோடு வந்தாள். முன்பல் ஒன்றை இழைத்துப் பார்த்தாள். வலது கை கட்டுக்குள் திரும்பவில்லை. மூன்றுதரம் அழித்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே தமிழில் சொன்னாள்.

"இந்த ஓரம் எனக்கு வரமாட்டேனெண்டுது. ஒருக்கா இழுத்து விடுறீங்களே?"

கலாதேவி தன் கதிரையைத் தள்ளிக்கொண்டு போய் வலப்பக்க மவுஸைப் பிடித்தாள். யதுசா இடது கையை மற்ற மவுஸிலிருந்து எடுக்கவில்லை.

"அமத்தும்" என்றாள் கலாதேவி.

யதுசா அழுத்தினாள். கலாதேவி இழுத்தாள். விரலில் எந்த இறுக்கமும் இல்லாமல் கை தானாகப் போயிற்று.

"இப்ப விடும். திரும்ப அமத்தும். இன்னும் கொஞ்சம்... விடும்."

பல்லின் ஓரம் ஒரே இழுப்பில் வந்தது. கலாதேவி தன் வாழ்நாளில் அப்படி ஒரு கோடு கீறியதில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா வந்திருக்கு" என்றாள் யதுசா.

"ஓம்" என்றாள் கலாதேவி.

யதுசா பத்திரத்தை எடுத்து, செய்தவர் பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதினாள். அது அவளுடைய வேலைதான். அப்படித்தான் எழுத வேண்டும். கலாதேவிக்கு வயிற்றில் அந்தப் பழைய கல் கொஞ்சம் அசைந்தது. அவள் கதிரையைத் தன் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போய், அரைவாசியில் விட்டிருந்த கடைவாய்ப்பல்லைத் திறந்தாள்.